நெடுந்தீவுத் துறையில் யோசேப்பு அண்ணையைத் தேடி

மனநோய்க்குப் போடும் மாத ஊசிக்கு யோசேப்பு அண்ணை இன்று ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. போன் வேலை செய்யவில்லை. சாந்தி அக்காவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம்; கதவு பூட்டு, முற்றத்தில் வலை மட்டும் காய்கிறது. முன்பொருமுறை ஊசி போடாமல் விட்டபோது, காதில் கேட்ட குரல்களுக்குப் பின்னால் கடலுக்குள் நடந்து போனவராம்.

இப்போது நெடுந்தீவு இறங்குதுறையில் நிற்கிறோம். மாதாமாதம் அக்கரையிலிருந்து படகில் வந்து இங்கே மனநலச் சமூகப் பணி செய்கிற அக்கா, படகால் இறங்குகிற ஒவ்வொருவரையும் மறித்து விசாரிக்கிறார். ரொறொன்ரோவில் எனக்கும் இதே வேலைதான்; இங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க அவரோடு வந்திருக்கிறேன். அங்கென்றால் இந்நேரம் பொலிசுக்கு அறிவித்திருப்பேன். எனக்கு எரிச்சலாக வருகிறது.

"பொலிசுக்குச் சொல்லுவமே அக்கா?"

"கொஞ்சம் பொறும் தம்பி. படகிலை வாற சனத்துக்குத் தெரியாமல் இங்கை ஒருத்தரும் அசைய ஏலாது."

கடைசியாக இறங்குகிறவரே யோசேப்பு அண்ணைதான். உடுப்பெல்லாம் நனைந்து ஒட்டியிருக்கிறது.

"எங்கையண்ணை போனனீங்கள்?" அக்காவின் குரல் உடைகிறது.

அண்ணையோ கோபமாக இருக்கிறார். "உங்களைத் தேடித்தான் மிஸ்! கடல் அடிக்குது. போன முறை படகிலை தலை சுத்திச் சத்தி எடுத்துக்கொண்டெல்லே வந்தனீங்கள்? துணைக்குக் கூட்டியருவமெண்டு காலமை அக்கரைக்குப் போனால், நீங்கள் மற்றப் படகிலை வந்திட்டியள். போனும் நனைஞ்சு போச்சு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

ரொறொன்ரோவில் எத்தனையோ பேரைத் தேடிப் போயிருக்கிறேன். ஒருவரும் என்னைத் தேடி வந்ததில்லை.