ஒரே சட்டை போட்ட ரவுடிகள்

அந்தப் படம் எனக்குப் பிடிக்காது. வந்த புதிதிலும் பிடிக்கவில்லை. வருடா வருடம் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டி, வசனத்தை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டு ஆட்கள் திரிந்தபோதும் பிடிக்கவில்லை. பட்டணத்துத் தெருக்களில் அடித்துக்கொள்ளும் இரண்டு கும்பல்களின் கதை அது. ஒரு கும்பலுக்குக் கறுப்புச் சட்டை, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. இன்னொன்றுக்கு மஞ்சள் பெல்பாட்டம், ஒற்றைக் கையில் உறை. சண்டைக்கு முன்னால் வரிசையாக நின்று தரையை உதைத்துத் தாளம் போடுவார்கள். கறுப்புச் சட்டைத் தலைவன் சைக்கிள் செயினைச் சுழற்றியபடி வசனம் பேசி முடிக்கும் வரை எதிர்க்கும்பல் காத்திருக்கும். அடி வாங்கியவன் சட்டை கசங்காமல் எழுந்திருப்பான்.

அதைப் பார்ப்பதற்குச் சில மாதங்கள் முன்புதான் நான் நிஜக் கும்பலிடம் அடி வாங்கியிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான் புதூர்நாட்டுப் பக்கம் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். மலைக்கு பஸ் வருவது அபூர்வம். ஆட்கள், புளி மூட்டை, பலாப்பழம், கட்டிப் போட்ட கோழி எல்லாம் ஒரே வண்டியில்தான் இறங்கும், ஏறும். அடிவாரத்தில் ஜீப்புகள் நிற்கும் இடம் கீழூர்க்காரர்கள் சிலரின் கையில் இருந்தது. மலை ஜீப் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கலாம். ஆனால் அவர்களுடைய வண்டிகள் நிரம்பிப் போன பிறகுதான் அது ஆள் ஏற்ற வேண்டும்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். நல்ல வெயில். அவர்களுடைய வண்டியில் இரண்டு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். அது எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. நான் அவளை என் வண்டியில் ஏறச் சொன்னேன்.

அந்தக் கீழூர்க்காரர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்த ஆள் வந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, ஒல்லியான உடம்பு. பள்ளிக்கூடத்திலிருந்து மகளை அழைத்துக்கொண்டு வந்தவர், அவளுடைய பையைத் தன் தோளில் மாட்டியிருந்தார்.

"இன்னா நைனா, அவசரமா?"

"கைக்கொயந்தக்காரிங்க. வெயில்ல நிக்கிறாங்க."

"எங்க வண்டி ரொம்புன அப்பறந்தான் உன்து. தெரியுமில்ல?"

"தெரியும்ங்க. இந்த ஒரு தபா..."

"அம்மாடி, இத்தப் புடி" என்று மகளிடம் பையைக் கொடுத்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்த நொடி என் இடது காதில் ஏதோ வெடித்தது. விழுந்தவனைப் பின்னாலிருந்து இரண்டு பேர் உதைத்தார்கள். அதில் ஒருவர், அந்த வாரம்தான் என் வண்டி டயருக்குப் பஞ்சர் ஒட்டித் தந்த சைக்கிள் கடைக்காரர். யாரும் வசனம் பேசவில்லை. அந்தச் சிறுமி என்னைப் பார்க்கவில்லை. நிழலில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அவர் பையை வாங்கித் தோளில் மாட்டி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனார். குழந்தைக்காரி தானாகவே இறங்கிப்போய் அவர்களுடைய வண்டியில் உட்கார்ந்தாள். அவள்மேல் எனக்கு வந்த கோபம் தணிய வெகு நாளாயிற்று. காதில் அந்த இரைச்சல் அதைவிட அதிக நாள் இருந்தது.

என் தாய்மாமன் மகன் வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. அந்தப் படத்தை அங்கே பலமுறை பார்த்துவிட்டு, லீவில் வந்தபோது அடிவாரத்துக் கொட்டகைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை மேட்னி. எங்களுக்கு முன் பெஞ்சில் அந்த ஆள் மகளோடு உட்கார்ந்திருந்தார். கறுப்புச் சட்டைத் தலைவன் குத்துப்பட்டு, நண்பன் மடியில் தலை வைத்து, பேசிப் பேசிச் சாகிற கட்டம் வந்தது. அந்த ஆள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் படத்தைப் பார்க்கவில்லை, அந்தத் தோளையே பார்த்தேன். என் வாழ்க்கையில் யாரையும் அவ்வளவு வெறுத்ததில்லை. அந்தப் படத்தையும் சேர்த்துத்தான்.

திரும்பும்போது ஜீப்பில் எங்களுக்குள் சண்டை.

"மெட்ராஸ்ல இப்டித்தான் கீறானுங்கோ மச்சான்" என்றான் அவன்.

"நீ மெட்ராஸ பாத்துகீறியா?"

"நீ பாத்துகீறியா?"

"ஒரே கலர் சட்ட போட்டுகினு எவன்டா அடிக்க வருவான்? போலீசுக்கு அடையாளம் காட்டவா? வசனம் பேசி முடிக்கிற வரைக்கும் எவன்டா காத்துனு நிப்பான்?"

"உன்ன அட்ச்சவனுங்கள வெச்சிகினே எல்லாத்தையும் பேசாத" என்றான். நான் கியரை மாற்றி வண்டியை மலை ஏற்றினேன்.

அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு அவன் மலைக்கே வந்து சேர்ந்தான். மலை ஜீப்புக்கு நியாயம் வாங்கித் தருகிறேன் என்று எங்கள் ஊர்ப் பையன்களைத் திரட்டினான். தையல்காரரிடம் எல்லோருக்கும் கறுப்புச் சட்டை தைக்கச் சொன்னான். சிவப்புக் கைக்குட்டை வாங்கினான். பழைய சைக்கிள் செயின் ஒன்றுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தான்.

"சட்டையெல்லாம் வாணாம்டா. ஊரோட எறங்கலாம். பெரியவங்க, பொம்பளைங்க எல்லாரும். அவுனுங்க ஜீப்பு முன்னாடி போயி ஒக்காந்துக்கலாம்" என்று சொன்னேன்.

"நீ பயந்தவன். வூட்ல இரு" என்றான்.

சந்தை நாளன்று வேறொரு ஜீப்பில் அவர்கள் இறங்கினார்கள். நான் பின்னாலேயே என் வண்டியில் போனேன். இறங்கியதும் வரிசையாக நின்று தரையை உதைத்துத் தாளம் போட்டார்கள். அவன் செயினைச் சுழற்றிக்கொண்டு வசனத்தை ஆரம்பித்தான்.

கீழூர் ஆட்கள் அடிக்க வரவில்லை. அவர்கள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அந்த ஆள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அடடே, நம்ம படம்!" என்றார். என் மாமன் மகன் பாதியில் திணறிய வசனத்தை அவரே ஏற்ற இறக்கத்தோடு முடித்துக் காட்டினார். சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அப்படியே நெருங்கி வளைத்துக்கொண்டார்கள்.

"குட்றா அத்த. இப்டியா சுத்துவாங்க?" என்று செயினை வாங்கி ஒரு வீசு வீசினார். ஓரத்தில் நின்ற பையனின் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. அவன் உட்கார்ந்துவிட்டான், எழுந்திருக்கவில்லை.

"ஆடுங்க. மொத சீன்லேர்ந்து."

ஆடினார்கள். சந்தையே கூடி நின்று பார்த்தது. ஆட்டத்தை நிறுத்தியவன் காலில் செயின் விழுந்தது. யாரோ ஒரு கிழவி கூடச் சிரித்தாள். நான் ஹாரனை அமுக்கிக்கொண்டே வண்டியைக் கூட்டத்துக்குள் விட்டேன். ஆட்கள் திட்டிக்கொண்டே விலகினார்கள். மாமன் மகனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டேன். மற்றவர்கள், அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு தாங்களே தொற்றிக்கொண்டார்கள். அந்த ஆள் என் பக்கம் குனிந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு, சந்தோஷமாக இருந்தார்.

"நல்லா ஆட்னானுங்க. அடுத்த வாரமும் இட்னு வா."

மலை ஏறத் தொடங்கினோம். ஒரு வளைவில் மாமன் மகன் சொன்னான்: "அவுரு அந்த வசனத்த ஒரு வார்த்த வுடாம சொன்னாரு, பாத்தியா?"

அவன் குரலில் பெருமை இருந்தது. நான் வண்டியை நிறுத்தி அவனை இறங்கச் சொன்னேன். அவன் இறங்கி நடந்தான்.

அடிபட்ட பையனுக்கு எலும்பு சரியாகச் சேரவில்லை. தாங்கித் தாங்கித்தான் நடந்தான். நான் அந்த ஸ்டாண்டை விட்டு ஆலங்காயம் பக்கம் வண்டி ஓட்டப் போனேன். சில வருடங்களில் மலைக்கு அரசு பஸ் கூடுதலாக வரத் தொடங்கியது. ஜீப் ஸ்டாண்டுக்கு மதிப்புப் போய்விட, அந்தக் கும்பலும் தானாகக் கலைந்தது. சைக்கிள் கடைக்காரர் சைக்கிள் கடையிலேயே இருந்தார். யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. யாரும் யார் மடியிலும் சாகவில்லை.

மாமன் மகனோடு நான் பேச்சை விட்டுவிட்டேன். எண்பதுகளின் கடைசியில் அவன் பையனுக்குக் காது குத்து. மாமா நேரில் வந்து அழைத்ததால் போனேன். பந்தலில் ரேடியோ செட் கட்டியிருந்தார்கள். காது குத்தி முடிந்து இலை போட்டதும், அந்தப் படத்தின் ஒலிச்சித்திர கேசட்டைப் போட்டார்கள். தரையை உதைக்கிற சத்தம் மலையெல்லாம் கேட்டது. அவன் என் இலைக்கு எதிரில் வந்து நின்றான்.

"இன்னும் நம்பலியா மச்சான்?" என்று சிரித்தான்.

"இல்ல" என்றேன்.

"நம்புற மாதிரி இருந்தா அத்த எதுக்குடா காசு குட்த்துப் பாக்கணும்? அதான் தெனமும் கீழ பாக்கறமே."

அவன் சொன்னது சரியாகவே இருக்கலாம். அதற்காக அந்தப் படம் எனக்குப் பிடித்துவிடவில்லை. சோறு போட வந்த அவன் மனைவியிடம் "வயிறு சரியில்லமா" என்று சொல்லிவிட்டு, இலையை மூடி எழுந்து வந்துவிட்டேன்.