மாடு என்று சொன்னவர்

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் அலுவலகக் குழுவில், யாரோ ஒருவருடைய பேத்தியின் பிறந்தநாள் கேக்குக்கும் மூட்டுவலிக்கான கஷாயக் குறிப்புக்கும் நடுவில், பொன்னுரங்கம் சார் காலையில் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது விழுந்து இறந்துவிட்டார் என்று இருந்தது. அடுத்த பத்து நிமிடங்களில் கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. "யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாத மென்மையான மனிதர்" என்று ஒருவர் எழுதியிருந்தார். எழுதியவரை சார் ஒருமுறை நாற்காலியோடு சேர்த்துக் கவிழ்த்திருக்கிறார். துக்கத்தில் மனிதர்களுக்கு முதலில் மறந்துபோவது தங்கள் முதுகுவலிதான் போலும்.

அவரை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன் என்பதால் உள்ளதைச் சொல்லலாம். அவருக்குக் கை முந்தும். என்னை இரண்டு முறை அறைந்திருக்கிறார். இரண்டும் நியாயமானவை. முதலாவதை அன்றே ஒப்புக்கொண்டேன். இரண்டாவதை ஒப்புக்கொள்ள இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

நாங்கள் இருவரும் மைசூரில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் சர்வேயர்கள். மோதிய வண்டியைப் போய்ப் பார்த்து, எது எதன்மேல் எப்படி மோதியது என்று எழுதுவது எங்கள் வேலை. ஒரு மழைநாளில் நான் வெளியே போகச் சோம்பி, புகைப்படத்தைப் பார்த்தே ஒரு வேனுக்கு அறிக்கை எழுதிவிட்டேன். சார் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு அறைந்தார்.

"சும்மனே ஃபேனுக்குக் கீழ உக்காந்து வண்டி பாக்கறியா? வண்டி என்ன, கல்யாணப் பொண்ணு போட்டோவா? போ. போய்த் தொட்டுப் பாரு. டேப் வச்சு அள. அதுக்கப்புறம் எழுது."

அவர் சட்டைப்பையில் எப்போதும் ஓர் இரும்பு டேப் இருக்கும். "மனுஷன் பொய் சொல்லுவான், நசுங்கின தகரம் சொல்லாது" என்பார். அலுவலகத்துக்கு வரும் பாதிப் பேரை அவர் விரட்டியது இன்னொரு வாக்கியத்தால்: "ஆர்.சி.ல பேர் மாத்தாத வண்டிக்கு கிளெய்ம் கெடயாது, எழுந்து போ." பழைய வண்டியை வாங்கிவிட்டு, உரிமைப் புத்தகத்தில் பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர்களை அவர் மனிதர்களாகவே மதித்ததில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரே ஒரு பழைய கார் வாங்கினார். அதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, அது ஆஷாட மாதம். கன்னடக்காரர்கள் ஆஷாடத்தில் எதையும் வாங்க மாட்டார்கள். அதனால் வண்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஆஷாடத்தில் வாங்கினால் ஆகாது. இதற்கு சார் கண்டுபிடித்த வழி, வண்டியை இப்போது எடுத்துக்கொண்டு பெயரைப் பிறகு மாற்றுவது. பெயர் மாறாதவரை அது சாமுண்டித் தாயின் கணக்கில் வாங்கியதாக ஆகாது. ஆஷாடம் முடிந்தது. ஆனால் அதற்குள் நம்முடைய ஆடி பிறந்திருந்தது. மைசூரில் வாழும் தமிழனுக்கு இரண்டு மொழி தெரியும் என்று பெருமைப்படுகிறோம். கெட்ட மாதமும் இரண்டு உண்டு என்பதைச் சொல்வதில்லை.

இரண்டாவது சிக்கல் வண்டியின் எண். மூன்று இரண்டும் ஒரு மூன்றும். கூட்டினால் ஒன்பது, அவருடைய ராசி எண். எண்ணைப் பார்த்ததுமே அவர் வண்டியை வாங்கிவிட்டார் என்பதை உடன் போன நான் அறிவேன். அதன்பிறகு பார்த்ததெல்லாம் சம்பிரதாயம்.

சிறிய பச்சைக் கார். சார் பானெட்டின் முன்விளிம்பை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். இடப்பக்கம் வந்ததும் சத்தம் மாறியது. நசுங்கிய பள்ளத்தை நிரப்பப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த இடம். இடப்பக்க விளக்கு மட்டும் புதிது. அவர் குனிந்து முன்கண்ணாடியின் மூலையைப் பார்த்தார். கண்ணாடி பழையது, வண்டியோடு பிறந்தது. தரகர் மூச்சுவிடாமல் நின்றார்.

"என்ன மாடா?" என்றார் சார்.

"ஹௌது சார், மாடு. மாடேதான்" என்றார் தரகர், பரீட்சையில் விடை சொல்லிக் கொடுக்கப்பட்ட மாணவனின் நன்றியோடு.

"மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்துதா?" என்று கேட்டேன் நான். மூவரும் சிரித்தோம். அன்று சார் டேப்பை வெளியே எடுக்கவில்லை.

அடுத்த ஐந்து வாரங்கள் அக்ரஹாரத்தில் அவருடைய தெருவே அந்தக் காரால் விடிந்தது. செல்ஃப் மோட்டார் ஒட்டிக்கொள்ளும். வீல் ஸ்பேனரால் அதன் மண்டையில் நான்கு அடி போட்டால்தான் எஞ்சின் பிடிக்கும். சார் நான்கோடு நிறுத்துகிறவர் அல்ல. கோயிலுக்குப் பூ வாங்கப் போகிறவர்கள் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தார்கள். ரேடியேட்டர் குழாய், பேட்டரி, கிளட்ச் கேபிள் என்று ஒவ்வொன்றாக மாற்றினார். கதவு சாத்திக்கொள்ளாவிட்டால் உதைத்தார். ஒருமுறை கதவு திரும்ப வந்து அவர் விரலை நசுக்கியது. அதற்காகவும் அதை உதைத்தார். வண்டி அவரை மதிக்கத் தொடங்கியிருந்தது.

அவர் மனைவி மேட்டூரில் தாய்வீட்டில் இருந்தார். ஆடிப்பெருக்குக்கு அங்கே போய், வண்டியைக் காட்டி, அவரை அழைத்துவருவது என்று ஏற்பாடு. கொள்ளேகால், ஹனூர், கௌதள்ளி, மலை இறங்கினால் மேட்டூர். துணைக்கு நான். ஹனூர் வரை பயணம் இனிமையாக இருந்தது. தமிழ் புழங்கும் எல்லை ஊரான கௌதள்ளியில் ஒரு டிராக்டர் சாலையின் குறுக்கே நின்றது. அது பழுதாகி நிற்கிறது என்று நினைத்தேன். அதை ஓட்டியவர் இறங்கி எங்கள் எண்ணைப் படித்தார். உரக்கப் படித்தார்.

"ரெண்டு, ரெண்டு, ரெண்டு, மூணு. பச்சை. டே, அதே வண்டிடா."

டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். முதல் கல் முன்கண்ணாடியை உடைத்தது. இரண்டாவது என் வாயில் பட்டது; கீழ்ப்பல் ஒன்று மடியில் விழுந்தது. கதவைத் திறந்து சாரை இழுத்தார்கள். அவர் உதைத்துப் பழக்கிய கதவு அன்று முதல் உதையிலேயே திறந்துகொண்டது. ஒருவர் கடப்பாரையால் விளக்குகளை அடித்தார். சார் தரையில் கிடந்தார், அவர்மேல் கால்கள் ஏறி இறங்கின. செருப்புகள், டிராக்டர் சங்கிலி. அவர் காதிலிருந்து ரத்தம் கழுத்துப்பட்டையில் இறங்கியது. என்னை ஒருவர் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். ஏன் அடிக்கிறார்கள் என்று அடிகளுக்கு நடுவில்தான் புரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அந்தச் சாலையில் ஒரு பச்சைக் கார் ஆறு வயதுப் பெண்ணை மோதிக் கொன்றுவிட்டு நிற்காமல் போயிருந்தது. பார்த்தவர்களுக்கு எண்ணின் நான்கு இலக்கம் மட்டும் நினைவிருந்தது. முன்னால் உள்ள எழுத்துகள் இல்லாமல் தேட முடியாது என்று போலீஸ் சொல்லியிருந்தது.

ஒருவர் காருக்குள்ளிருந்து ஆர்.சி.யை எடுத்தார். "பேரு ஜெயராஜ்னு இருக்குது. நீதானேடா?"

"நான் இல்லீங்க. நான் போன மாசம்தான் வாங்கினேன்."

"அப்ப உம்பேரு எங்கடா?"

"இன்னும் மாத்தலீங்க."

"ஏன் மாத்தல?"

சார் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார். வாழ்நாள் முழுவதும் அவர் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி அது. "ஆடி முடியட்டும்னு."

ஒரு கணம் அடி நின்றது. கூட்டத்தில் ஒரு பெரியவர், "ஆடில மாத்த மாட்டாங்கதான், அதென்னமோ வாஸ்தவம்" என்றார். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், "பெட்ரோல் கொண்டாங்கடா, வண்டியோட சேத்துக் கொளுத்தலாம்" என்றது. கேன் வந்தது. அதன் மூடியைத் திருகும் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

அப்போது அந்தப் பெண்ணின் தாய் வந்தார். மாராயி என்று பெயர். அழவில்லை, கத்தவில்லை. நேராக வந்து சாரின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அடிப்பதில் நிபுணரான சார் கையைத் தூக்கவில்லை.

"புள்ள எவ்வளவு உயரம்மா?" என்று கேட்டார்.

கூட்டம் அவர்மேல் பாய்ந்தது. மாராயி தடுத்தார். கையை நீட்டி, காற்றில் ஓரிடத்தில் நிறுத்தினார். "இவ்வளவு. இப்ப வளந்திருப்பா."

"அடி எங்க பட்டுது?"

அந்தக் கை மெல்ல இறங்கி, குழந்தையின் நெஞ்சளவில் நின்றது.

சார் முட்டி போட்டு எழுந்தார். பையிலிருந்து டேப்பை எடுத்தார். தரையில் ஊன்றி, அந்தக் கைவரை இழுத்தார். பேனாவால் டேப்பின்மேல் ஒரு கோடு போட்டார். பிறகு தவழ்ந்து காரிடம் போய், பட்டி பார்த்த இடத்தில் வைத்தார். கோடு அங்கேயே நின்றது.

"மாடுன்னா பானெட் மேல விழுந்து கண்ணாடி நொறுங்கியிருக்கணும்" என்றார், யாருக்கும் இல்லாமல். பிறகு மாராயியைப் பார்த்துச் சொன்னார்: "இதே வண்டிதாம்மா. வாங்குறப்பவே எனக்குத் தெரியும், இது எதையோ இடிச்ச வண்டின்னு. மாடுன்னு நானே சொல்லிக்கிட்டேன். வண்டிய எரிக்காதீங்க. எரிச்சா சாட்சி போயிடும்."

இதற்கும் அவரை அடித்தார்கள். ஆனால் பெட்ரோல் கேனை மாராயி வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

ஹனூரில் காவல் நிலையத்தில், விலா எலும்பு இரண்டு உடைந்த நிலையில், சார் தன் சொந்தக் காருக்குச் சர்வே அறிக்கை எழுதினார். அவர் எழுதியவற்றில் அதுவே சிறந்தது. பழைய கண்ணாடி, பட்டி, உயரம், தரகரிடம் தான் சொன்ன சொல் உட்பட எல்லாம் இருந்தது. அடுத்து என் வாக்குமூலம். வாங்கும்போது உடனிருந்தேன், சேதம் எதையும் கவனிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சர்வேயர் வேலை போய்விடும் என்ற பயம். வெளியே வந்ததும் வீங்கிய கையால் சார் என்னை அறைந்தார். பல் போன பக்கத்தில்.

"நீயும் பாத்தே, நானும் பாத்தேன். நான் எழுதிட்டேன்."

அதற்குப் பிறகு என் வாக்குமூலத்தைப்பற்றி அவர் பேசவே இல்லை. கார் காவல் நிலைய வளாகத்தில் துருப்பிடித்தது. ஜெயராஜ் ஜாமீனில் வந்தார். சார் ஒவ்வொரு விசாரணைக்கும் பஸ்ஸில் போனார். வழக்கு நடக்கும் ஊரோடு திரும்பாமல் கௌதள்ளிவரை போய், தன்னை அடித்தவர்களோடு டீ குடித்துவிட்டு வருவார். "நல்லா அடிக்கிறாங்கய்யா" என்றார் ஒருமுறை, தொழில்முறை மரியாதையோடு.

அவர் நீதிமன்றத்தில் சொன்னது பதிவாகியிருக்கிறது. குறுக்கு விசாரணை மட்டும் பாக்கி. அது நடக்காமல் இறந்தவரின் சாட்சியத்தை ஏற்கக்கூடாது என்று எதிர்த்தரப்பு வாதிடும் என்கிறார் அரசு வக்கீல். வண்டியை வாங்கும்போது உடனிருந்த மற்றவர்களில், தரகர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நான் இருக்கிறேன்.

அக்ரஹாரத்து வீட்டில் சாரைக் கிடத்தியிருந்தபோது, மாராயி முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"கேசுக்கு நீங்க வருவீங்கதானுங்க?"

"வருவேம்மா."

"வந்து?"

அதற்கான பதிலை உங்கள் எல்லோர் முன்னாலும் இங்கே சொல்கிறேன். நான் பார்த்தேன். தட்டியபோது சத்தம் மாறியதைக் கேட்டேன். மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்ததா என்று கேட்டுச் சிரித்தவன் நான். முன்பு எழுதிக் கொடுத்தது பொய்.

சாரின் மனைவி அந்த டேப்பை என்னிடம் கொடுத்தார். அதில் பேனாக்கோடு இன்னும் அழியவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுவும், பல் போன பக்கத்தில் வாங்கிய அந்த அறையும். விசாரணை ஆடி மாதத்தில் வருகிறது. தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கப்போவதில்லை.