யாரும் வைக்காத ஃபோல்டர்

தென்காசியில் வீடு இருந்தால் சாரல் தொடங்கியதும் போன் வரும். நலம் விசாரிக்க இல்லை, "தண்ணி விழுதா?" என்று கேட்க. குற்றாலத்து அருவிகளைத் திறந்து மூடுவது ஏதோ எங்கள் வேலை என்று சொந்தக்காரர்களுக்கு ஒரு நினைப்பு. விழுகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையே வேன் வந்து நிற்கும். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக வந்து இறங்குவார்கள். சாப்பாடு, தூக்கம், காப்பி எல்லாம் நம் வீட்டில். எனக்குப் பேசி முடித்திருந்த சிவகிரி மாப்பிள்ளை வீட்டாரும் அப்படித்தான் ஒரு சீசனில் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா போகவில்லை.

அப்போது எங்கள் வீட்டில் டப்பா மானிட்டர் வைத்த கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. தம்பிக்காக வாங்கியது. அவன் இன்ஜினியரிங் படிக்கச் சென்னைக்குப் போன பிறகு, அவன் தின்ற மிச்சம் வருகிற மாதிரி, அதுவும் என்னிடம் வந்தது. பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பாவின் உரக்கடைக்கு வேண்டியதை அதில்தான் டைப் அடித்துக் கொடுப்பேன். மற்ற நேரம் சீட்டு விளையாட்டு. அவ்வளவுதான் என் கம்ப்யூட்டர் வாழ்க்கை.

மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. என்னை நேரில் பார்க்காமல்தான் சம்மதம் சொல்லியிருந்தார். அவருடைய அம்மா என் அம்மாவிடம், "பொண்ணு போட்டோவெல்லாம் ஒரு சீடில போட்டுக் குடுத்துருங்க மைனி. அவன் அங்கன கம்ப்யூட்டர்ல பெருசா பாக்கணும்ங்கான்" என்று கேட்டிருந்தார். லீவுக்கு வந்த தம்பி சீடி எழுதுகிற சாஃப்ட்வேர் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து போட்டான். எப்படி எழுதுவது என்று ஒருமுறை காட்டிவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டான். நானே உட்கார்ந்து படங்களைப் பொறுக்கினேன். கல்லூரி ஆண்டு விழாவில் பச்சைப் பட்டு கட்டியது, ஐந்தருவிப் பக்கம் அம்மாவோடு நின்றது, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துத் திரும்பிப் பார்த்தது. ஆசையாகத்தான் பொறுக்கினேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? சீடி சிவகிரிக்குப் போயிற்று. அங்கிருந்து மஸ்கட்டுக்கும் போயிருக்கும்.

அதன் பிறகு வந்ததுதான் அந்த வேன். அதில் மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்காரரும் இருந்தார். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. அருவியில் எடுத்துத் தள்ளியதில் அவர் கேமரா நிரம்பிவிட்டது. படங்களை எங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்று நான்தான் ஆன் செய்து கொடுத்தேன். மை கம்ப்யூட்டரைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"இது என்னது?"

சி, டி என்று டிரைவ்கள் வரிசையாக இருக்குமே, அதற்குக் கீழே ஒரு ஃபோல்டர். மஞ்சள் நிறம், மேலே சின்னதாக ஒரு வட்டத் தட்டு ஒட்டின மாதிரி படம். இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை ஒட்டவைத்து ஒரு பெயர். நானும் அதைப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்குள் நமக்குத் தெரியாதது ஆயிரம் கிடக்கும், அதில் இதுவும் ஒன்று என்று விட்டிருந்தேன்.

"தெரியலியே" என்றேன்.

அவர் அதைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. அழிக்கலாமா என்று பார்த்தார், அழிக்கிற வசதியே அதற்கு இல்லை. எவ்வளவு பெரியது, எப்போது உண்டானது, எதையும் அது காட்டவில்லை. தலை துவட்டிக்கொண்டிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"இப்பல்லாம் ஒளிச்சு வைக்கதுக்குன்னே சாஃப்ட்வேர் வந்திருக்கு. சும்மா பாத்தா காலியா இருக்கும். பாஸ்வேர்ட் போட்டாத்தான் உள்ள இருக்கது வெளிய வரும்."

நானும் சிரித்தேன், கிறுக்கி! சிரித்துவிட்டு அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன்.

எண்ணி ஒரு வாரம் இருக்கும். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த பலசரக்குக் கடை அண்ணாச்சி வந்து வாசலிலேயே நின்றார். "மாப்ள இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம்ங்காராம்" என்றார். அம்மா விடவில்லை. காரணம் கேட்டுக் குடைந்ததில், செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பொண்ணு கம்ப்யூட்டர்ல என்னத்தையோ பூட்டி வச்சிருக்காம்லா. கேட்டதுக்கு மூஞ்சி மாறிப்போச்சாம்."

அவர் போனதும் அம்மா அடுக்களையில் என்னை மடக்கினாள்.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. யாரு அந்தப் பய?"

"எந்தப் பய?"

"அந்த ஃபோல்டர்ல இருக்கவன்."

"அது காலிம்மா. உள்ள ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா அத எதுக்கு வச்சிருக்க?"

உள்ளே ஒரு படம் இருந்திருந்தாலாவது, இதுதான் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று காட்டியிருப்பேன். காலியாக இருப்பதை எப்படிக் காட்டி என்ன நிரூபிக்க? மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். சுத்தப் பொய். பெண்பிள்ளைக்கு மடி காலியாக இருந்தால் எங்கே இறக்கி வைத்தாய் என்று கேட்பார்கள்.

தம்பிக்குப் போன் போட்டேன். "நீ போட்ட சாஃப்ட்வேர்ல வந்ததா இருக்குமாலே?" என்றதற்கு, "எனக்கு எப்பிடித் தெரியும்? இப்ப நீதான யூஸ் பண்ணுத" என்றான். கம்ப்யூட்டர் அவனுடையது, அதில் பாதிக்கு மேல் அவன் ஏற்றியது. ஆனாலும் அவனிடம் யாரும் எந்தப் பொண்ணு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பார்கள்.

சரி, நானே கண்டுபிடிக்கிறேன் என்று வீம்பு வந்துவிட்டது. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே ஒவ்வொரு கம்ப்யூட்டராக மை கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். எதிலும் அது இல்லை. மூலையில், வாடிக்கைக்காரர்களுக்கு சீடி எழுதிக் கொடுக்கிற கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் கெஞ்சிக் கேட்டு உட்கார்ந்தேன். அதே மஞ்சள், அதே தட்டு, அதே ஒட்டுப் பெயர்! கடைக்காரர், "அது அப்பிடித்தான் கெடக்கும், தொடாதீங்க" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

இணையத்தில் தேடியபோது என்னைப் போலவே எவனெவனோ அதைக் கேட்டிருந்தான். அது ஃபோல்டரே இல்லை. எழுத வேண்டிய ஃபைல்களை இழுத்துப் போட்டு வைக்க சீடி சாஃப்ட்வேர் தானாகக் கொண்டுவந்து வைக்கிற தோற்றம். டிஸ்க்கில் அதற்கென்று ஓர் இடமே கிடையாது. அதனால்தான் அளவும் இல்லை, தேதியும் இல்லை, அழிக்கவும் முடியவில்லை. சாஃப்ட்வேரை எடுத்தால் தானும் போய்விடும். சிவகிரிக்காரர்களுக்குப் படம் அனுப்பப் போட்ட சாஃப்ட்வேர், அவர்களே என்னைச் சந்தேகப்பட ஒரு காலிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. என் தலையெழுத்தை வேறு எப்படிச் சொல்ல!

வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்துவிடக் கை துறுதுறுத்தது. எடுக்கவில்லை. தனியாக எடுத்தால் அழித்துவிட்டாள் என்பார்கள். சாட்சி வேண்டும். அப்பாவை விட்டு அண்ணாச்சியை வரவழைத்தேன். அவருக்கும் அப்பாவுக்கும் நாற்காலி போட்டேன். அம்மா கதவோரம் நின்றாள்.

"நல்லாப் பாருங்க அண்ணாச்சி. இதுதான அவிய சொன்னது?"

"ஆமா பாப்பா."

சாஃப்ட்வேரை எடுத்தேன். கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி வந்தது. மை கம்ப்யூட்டரைத் திறந்தேன், ஃபோல்டர் இல்லை. தம்பி வைத்துவிட்டுப் போயிருந்த சீடியைச் செருகி அதே சாஃப்ட்வேரை மறுபடி போட்டேன். மறுபடி திறந்தேன், இருந்தது. ஒரு கணக்கைப் போட்டு விடை வந்த மாதிரி நெஞ்சு நிறைந்து திரும்பினேன்.

அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். "ரைட்டு. இல்லாமப் போவுது, பொறவு வருது. அதத்தான பாப்பா அவியளும் சொல்லுதாவ. உனக்கு மறைக்கவும் தெரியுது, வர வைக்கவும் தெரியுது."

என்னத்தைச் சொல்ல! ஒன்றுமே தெரியாதவளாக இருந்தபோது பாதிக் குற்றவாளி. தெரிந்துகொண்டு வந்து விளக்கியதும் முழுக் குற்றவாளி. "நெருப்பில்லாம புகையாதுல்லா" என்றாள் அம்மா, மெதுவாக, எனக்குக் கேட்கும்படி. அண்ணாச்சி காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். கொடுத்த சீடியையாவது வாங்கித் தாருங்கள் என்று அவரிடம் கேட்டிருந்தேன். "அது எங்கயோ கெடக்குன்னு சொல்லுதாவ" என்பதோடு முடிந்தது. ஊருக்கோ, வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்தது போல ஆயிற்று. அடுத்து வந்த இரண்டு சம்பந்தங்கள் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போயின.

சாஃப்ட்வேரை எடுத்துப் போட்டுக் காட்டிய அன்று எல்லோரும் எழுந்து போன பிறகும் அப்பா மட்டும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் அதுவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. "நான் நம்புதேன்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் நான் நிமிர்ந்து நடந்தேன். அம்மா ஜாடை பேசும்போதெல்லாம், அப்பாவுக்குத் தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

பிறகு அச்சன்புதூரில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். இன்றைக்கும் போனில் ஒரு படத்தை அனுப்ப என்னைக் கூப்பிடுவார், ஃபோல்டரைக் கண்டாரா, சந்தேகத்தைக் கண்டாரா. கல்யாணத்துக்கு முந்தின சீசனில் ஒரு காலை அப்பா தனியாகக் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வந்தார். தலை ஈரம் காயவில்லை. என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"இனி நீ எதுக்கும் பயப்படாத தாயி. எல்லாம் எதுக்குள்ள இருக்கும்னு ஒன் தம்பிட்ட கேட்டு, அதக் கழத்திச் சித்தாத்துல போட்டுட்டேன். தண்ணி நல்லாப் போவுது. இனி எவனும் தோண்டி எடுக்க முடியாது."

உள்ளே போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரின் பக்கத்துத் தகடு திறந்து கிடந்தது. ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் வயர் மட்டும் தொங்கியது. பச்சைப் பட்டு, பிச்சிப்பூ, ஐந்தருவி எல்லாம் அதற்குள்தான் இருந்தன. கல்யாணத்துக்கு முன் அந்த வயதில் நான் எப்படி இருந்தேன் என்று காட்ட இன்று என்னிடம் ஒரு படம் இல்லை. இருந்தால் சிவகிரியில், என்னை வேண்டாம் என்றவர்கள் வீட்டு அலமாரியில் ஏதோ ஒரு தட்டில் இருக்கும்.

அதுகூடப் பெரிதில்லை. எனக்காகச் செய்தார், என் கல்யாணம் நிற்கக்கூடாது என்று செய்தார், எனக்குத் தெரியும். ஆனால் நம்புகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து, உள்ளே ஒருவன் இருக்கிறான் என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். மகளை மன்னித்திருந்தார், அவ்வளவுதான். அப்பா இப்போது இல்லை. என்னைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியோடு போனார்.

அன்று பின்கட்டுக்குத் திரும்பி வந்தபோது அவர் துண்டைப் பிழிந்துகொண்டே என் முகத்தைப் பார்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லைப்பா என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

"சரிப்பா" என்றேன். இல்லாத ஒன்றை இருந்ததாக நானே ஒத்துக்கொண்டது அப்போதுதான்.