மூன்று முறை பார்த்த வீடியோ

கடைத் தராசுகளைச் சோதிக்கும் எடை இன்ஸ்பெக்டருக்கு ஊர் வைத்த பெயர் 'சந்தேகம்'. வைத்ததில் தப்பே இல்லை. டாக்டர் காய்ச்சல் என்றாலும் தெர்மாமீட்டரை வாங்கித் திருப்பிப் பார்க்கிற ஆசாமி. ஒரே எடைக்கல்லைத் தராசில் மூன்று முறை வைப்பார். மூன்று முறையும் ஒரே எண் காட்டினால்தான் முத்திரை. இல்லாவிட்டால் கடைக்காரர் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

அன்று மாலை மகள் ஒரு காகிதத்தோடு வந்தாள். நடைபாதைகளுக்குக் கல் பதிக்கிற வேலை அவளுக்கு. பூமி சூடேறிக்கொண்டே போகிறதாம். கடும் வெயில் நாட்களில் மதியம் வெளிவேலை கூடாது என்று நகராட்சி விதி போட வேண்டுமாம். நாளைக்குள் இருநூறு கையெழுத்து சேர வேண்டும். கூடவே போனில் ஒரு செய்தி வீடியோ: வெயிலில் சுருண்டு விழுந்த ஒரு தொழிலாளி.

மனைவி பார்த்தார், மூக்கை உறிஞ்சினார், கையெழுத்துப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். இவருக்கும் தொண்டை அடைத்தது. அடைத்ததுமே சந்தேகம் வந்துவிட்டது.

"பின்னாடி எதுக்கு வயலின்? அழ வெச்சுக் கையெழுத்து வாங்கப் பாக்குறாங்களா?"

மறுபடி ஓடவிட்டார். இந்த முறை லேசாகத்தான் அடைத்தது. மூன்றாம் முறை ஒன்றுமே இல்லை. வயலின்காரர் சுருதி தப்பியதுதான் காதில் விழுந்தது!

"பாத்தியா? மூணு தடவையும் மூணு அளவு காட்டுது. இத நம்பி நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நல்லா இருக்கு நியாயம்! மகளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் தோணலைன்னா, விழுந்த ஆளு எந்திரிச்சிட்டாராப்பா? மாறினது நீங்கதானே?"

மனிதர் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுவாரா?

"சரி, உன் வேலை இடத்துல யாராவது இப்படி விழுந்திருக்காங்களா? நேர்ல பாத்தத மட்டும் சொல்லு."

அவள் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான்தான்ப்பா. போன மாசம், ரெண்டு தடவை. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

அவர் சட்டைப் பையில் பேனாவைத் துழாவி எடுத்தார். எங்கே போடுவது என்றுகூடக் கேட்காமல் காகிதத்தின் ஓரத்தில் கையெழுத்தைக் கிறுக்கினார்.

காகிதத்தைக் கொடுக்கும்போது அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ரெண்டே தடவைதானா?"

அவள் காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தாள்.