சைபரில் தொடங்காத கோடு

என் அலுமாரியில் இன்னும் கிடக்கிறது அந்த வரைபுத்தாள். சைபரில் தொடங்க வேண்டிய கோடு, ஒன்றில் தொடங்கி நேராக மேலே போகிறது. குறுக்கே கணக்கு ரீச்சரின் சிவப்புப் புள்ளடி. என் வகுப்புத் தோழி கசக்கி எறிந்ததை நான்தான் பொறுக்கி வைத்தேன். காணும்போதெல்லாம் எரிச்சல்தான் வரும்.

அவள் நயினாதீவு ஐயர் ஒருவரின் மகள். தினமும் வள்ளத்தில் குறிகட்டுவான் துறைக்கு வந்து, புங்குடுதீவில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். அந்தத் தவணைச் சோதனையில் தேறினால்தான் பெரிய சோதனைக்கு விடுவார்கள். தவறினால் படிப்பை நிறுத்துவதென்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டார். வந்த கணக்கோ மிகச் சுலபம். மடமொன்றில் நாலு பேருக்கு ஒரு கொத்து அரிசி வீதம் சமைக்கிறார்கள். சமன்பாடு எழுதி, கோடு கீறி, நேர்விகிதசமனா என்று சொல்ல வேண்டும். ஆட்கள் இரட்டித்தால் அரிசியும் இரட்டிக்கும். ஆளில்லாவிட்டால் அரிசியும் இல்லை. வேறென்ன? இந்தப் பிடிவாதக்காரியோ நாலால் பிரித்து ஒன்றைக் கூட்டி, நேர்விகிதசமன் அல்ல என்று எழுதிவைத்தாள்.

தாள் கிடைத்த அன்று, அந்த ஒன்று எங்கிருந்து வந்ததென்று இறங்குதுறையில் வைத்துக் கேட்டேன். கோவிலுக்கு அரிசி அளந்து கொடுப்பவள் அவள்தான்.

“கடல் அடிச்சா வள்ளம் ஓடாது, ஒரு சனமும் வராது. அதுக்காக அம்மனுக்கு உலை வைக்காம விட ஏலுமே? அந்த ஒரு கொத்து எப்பவும் இருக்குதெல்லோ.”

கேள்வியில் அம்மன் எங்கே இருக்கிறா என்று சீறினேன். இதையாவது ரீச்சரிடம் சொல்லும் என்றேன். கேட்டால் சொல்லுவாளாம். ரீச்சர் கேட்கவில்லை, இவள் வாயில் கொழுக்கட்டை. அந்தக் கணக்கு போனதில் சோதனையும் தவறி, படிப்பு அதோடு நின்றது.

பிறகு நானே கணக்கு ரீச்சரானேன். சைபரைத் தொடாத கோடுகளைப் படிப்பிக்கும் போதெல்லாம் மனதுக்குள் அவளைத் திட்டுவேன். ஒருமுறை, கடல் அடிக்கும் சோழகக் காற்றில் நயினாதீவுக்குப் போனேன். நான் வந்ததுதான் கடைசி வள்ளம். கோவிலில் ஒரு சனமில்லை. பூசை முடிந்ததும் வாழையிலையில் சோற்றோடு வந்தவள் அவள்தான்.

“இரும், சாப்பிடும். அம்மனுக்குப் படைச்சது.”

அந்த ஒரு கொத்து. எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே ரீச்சரிடம் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்டேவிட்டேன்.

“உமக்குச் சொன்னனான்தானே,” என்றாள்.

ஓம், சொன்னவள்தான். அந்தச் சோதனையில் நூறு எடுத்தவள், ரீச்சரின் செல்லம், நான். மேசையடிக்குப் போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்கும் வாய் இருந்தது.

இப்போதும் அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பதுண்டு. எரிச்சல் குறையவில்லை, ஆள்தான் மாறிவிட்டது.