ஆவி பறந்த டப்பா

எங்கள் அலுவலகச் சமையலறையைப் பார்த்துக்கொண்ட அக்கா, மைக்ரோவேவில் யார் எதைச் சூடாக்கினாலும் கரண்டியால் நடுவில் பிளந்து பார்ப்பார். நுண்ணுயிரியல் படித்த நான், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, நான்கு வருடமாக அதைக் கேலி செய்தேன்.

ஒரு நாள், மாசமாக இருந்த அலுவலகத் தோழிக்காகக் கடையில் வாங்கிய, பாதி வெந்து உறைந்த கோழித்துண்டுகளைச் சூடாக்கினேன். ஆவி பறந்தது. தோழியிடம் நீட்டிய டப்பாவை அக்கா வெடுக்கென்று பிடுங்கிப் பிளந்தார்.

"பட்டதாரி சார், உள்ள பாருங்க!"

ஓரமெல்லாம் கொதிக்க, நடுவே பனிக்கட்டியும் வேகாத சிவப்புக் கறியும். இதையா கொடுக்கப் போனேன்?

"பிரிச்சுப் போட்டு மறுபடி வை. நடுவும் கொதிக்கணும்."

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க அக்கா?"

"அது பெரிய கதை தம்பி. திங்கக்கிழமை சொல்றேன்."

திங்கட்கிழமை அவரை வேறு கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அந்தக் கதை இன்னும் பாக்கி.