பிளக்கைப் பிடுங்கிய பௌர்ணமி

எங்கள் வீடு கிரிவலப் பாதையில் இருக்கிறது. பௌர்ணமிதோறும் அன்னதானக்காரர்கள் எங்கள் வாசலில் ஒலிபெருக்கி கட்டிப் பக்திப் பாட்டு போடுவார்கள். கரண்ட்டும் எங்கள் வீட்டிலிருந்துதான். புண்ணியம் என்று கொடுத்துவந்தோம். வருஷக்கணக்கில் அந்தச் சத்தத்தில் தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடத்து, கடைசியில் மனநல மருத்துவரிடம் போனேன்.

"நிம்மதி தேடி ஊரே இங்க வருது, நீ மாத்திரை சாப்பிடறியே. மலையை ஒரு சுத்து சுத்திட்டு வா, சரியாயிடும்," என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

அடுத்த பௌர்ணமியன்று காலையிலேயே சுற்றினேன். பாதை நெடுக எங்கள் வாசலைப் போலவே அலறியது. வீடு திரும்பியதும் ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"சாமி குத்தமாயிடப் போவுது," என்று அக்கா பதறினார்.

"மலையா நிக்கிற சாமி சும்மாதான்க்கா இருக்கு. கத்தறது நாமதான்."

அன்னதானம் நடந்தது. வரிசையில் நின்றவர்களில் ஒருவர்கூடப் பாட்டு எங்கே என்று கேட்கவில்லை.